ஜன்னலோரக் கட்டில்

அந்த வார்டில் ஜெபாவுக்கு முதலில் பிடித்துப்போனது படுக்கைகள்தான். காலையில் அவளும் பொன்னியும் சீருடை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும்போது, எல்லாக் கட்டிலிலும் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருக்கும். மூலைகள் தபால் உறையை மடித்தது போலக் கூர்மையாக நிற்கும். தாமாகப் புரள முடியாதவர்களை யாரோ இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்திருப்பார்கள். முதுகுக்கு அண்டைகொடுத்து ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. செங்கல்பட்டுக் கல்லூரியில் சுஜாதா மேடம் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாரே, அதே மாதிரி. சொல்லப்போனால் அதைவிட நேர்த்தியாக.

"நீ எனக்கு முன்னாடியே எந்திரிச்சி வந்துட்டியா?" என்று பொன்னியை ஒருநாள் கேட்டாள்.

"நான் இன்னாத்துக்கு வரேன்? நீ செஞ்சிட்டு என்னை வந்து கேக்கிறியா?"

இருவரும் போய் ஆயாக்களைக் கேட்டார்கள். அவர்கள் சிரித்தார்கள். ராத்திரி வேலை பார்த்த ஆயாக்கள் விடிந்ததும் டீ குடிக்கச் சமையலறைக்குப் போய்விடுவார்களாம். பகல் ஆயாக்கள் வரும்போதே வார்டு அப்படித்தான் இருக்குமாம். "ஸ்டூடன்ட் பொண்ணுங்க வந்தப்புறம் எங்களுக்கு வேலை மிச்சம்" என்றாள் ஒருத்தி.

"நாம வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்திச்சாம்?" என்று பொன்னி முணுமுணுத்தாள். "இந்த எடத்துல இன்னாமோ கீதுடி. எனக்குப் புடிக்கல."

மாமல்லபுரத்தைத் தாண்டி, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்குள் பிரியும் மண்பாதையின் முடிவில் இருந்தது அந்த முதியோர் பராமரிப்பு இல்லம். ரிசார்ட்டாகக் கட்டி, ஓடாமல் போன இடம். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. கடல்காற்று அள்ளிக்கொண்டுவந்து கொட்டிய மணல் விளிம்புவரை நிறைந்திருந்தது. அதில் இறங்கும் இரும்பு ஏணி மணலுக்குள் புதைந்து, கைப்பிடி மட்டும் வெளியே வளைந்து நின்றது. விருந்து மண்டபமாக இருந்ததுதான் இப்போது வார்டு. கூரையில் இன்னும் கண்ணாடித் துண்டுகள் பதித்த அலங்காரம். கீழே படுத்திருப்பவர்கள் கண் திறந்தால் தங்களையே துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

ஜெபா கடப்பாக்கத்துப் பெண். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை. அப்பா ஏசுதாஸ் உப்பளத்தில் இருந்துவிட்டு, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ப்ளஸ் டூவில் வணிகவியல்தான் கிடைத்தது, அதைப் படித்தாள். பிறகு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போன் பாகங்களைக் கோக்கும் வேலை. ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். தொழிற்சாலை நர்ஸ் வந்தார், தரையில் உட்கார்ந்தார், விழுந்தவளின் மணிக்கட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதி ஜெபாவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

உயிரியல் படிக்காதவளுக்குப் பி.எஸ்சி. நர்சிங் நேராகக் கிடைக்காது. விசாரித்ததில் ஒரு சுற்றுவழி தெரிந்தது. முதலில் துணைச் செவிலியர் தொழிற்படிப்பு; அதில் தேறினால் நர்சிங் டிப்ளமோ; அதையும் முடித்தால் பல்கலைக்கழகப் பட்டம். பாதிக் கிழவியாகும்வரை படிப்பாயா என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள். ஏசுதாஸ் மட்டும், "சுத்திப் போனாலும் ஊரு வந்து சேரும்ல? போ" என்றார்.

இங்கே தங்கிச் செய்யும் பயிற்சி அந்தப் படிப்பின் கடைசிப் பகுதி. முடித்ததும் இல்லத்து மேலாளர் காசிநாதன் சான்று கொடுக்கவேண்டும். அது இல்லாமல் தேர்வு இல்லை. தேர்வு இல்லாமல் டிப்ளமோ இல்லை.

வார்டில் ஜெபாவோடு பேசுகிறவர்கள் சிலர்தான். அவர்களில் வெங்கடராகவன் முக்கியமானவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் குறும்பு குறையவில்லை. ரங்கநாயகி திருக்கழுக்குன்றத்து அம்மாள்; எந்நேரமும் இருமல். கடைசிக் கட்டிலில் அம்சா. ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவராம். இப்போது பெற்ற மகளின் பெயர்கூட ஞாபகமில்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவைசிகிச்சை நடந்தபின் இனி நடக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்களாம். நாள் முழுக்க ஒரு துண்டை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார்.

ஒருநாள் வெங்கடராகவனை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னார் காசிநாதன். "கடக்காத்து நல்லா வரும் சார்" என்று அவரிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். வெங்கடராகவனுக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த காலையோ அதற்கடுத்த காலையோ, ஜெபா முதலில் உள்ளே போனாள். வெயில் இன்னும் சரியாக ஏறவில்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

வெங்கடராகவனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் கட்டுப்போடும் காஸ் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. கைகள் மார்பின்மேல் கோத்து வைக்கப்பட்டிருந்தன. தாடையை உச்சந்தலையோடு இழுத்து ஒரு கட்டு. மூக்கில் பஞ்சு. வெள்ளை விரிப்பை மார்புவரை ஏற்றி விளிம்பை மடித்துவிட்டிருந்தது. முகத்தை மூடுவது ஒன்றுதான் பாக்கி.

கண்கள் திறந்திருந்தன. அவள் கிட்டே போனதும் அந்தக் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

பஞ்சை எடுத்தாள். தாடைக்கட்டை அவிழ்த்தாள்.

"யாரு சார்? யாரு இப்படிப் பண்ணது?"

அவர் எச்சில் விழுங்கிக்கொண்டார். "சிஸ்டர்தாம்மா. நான் இருக்கேன்னு சொன்னேன். தெரியும் சார், இப்பவே பண்ணி வச்சுடறேன், அப்புறம் வெறச்சுப்போனா கட்ட வராதுன்னா."

"எந்த சிஸ்டர் சார்?"

அவர் யோசித்தார். "பழகின கை. வலிக்கவே இல்லை" என்றார். அதற்குமேல் கேட்டதும் அவர் கண்ணில் நீர் கட்டியது, அவள் விட்டுவிட்டாள்.

காசிநாதனிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"பொணத்துக்குக் கட்டுப் போடுறது எப்படின்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார்."

"இந்த வூட்ல அது தெரிஞ்சவங்க வேற யாரு கீறாங்க? ஆயாங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது." மேசையை விரலால் தட்டினார். "பிராக்டீஸ் பண்றதா இருந்தா தலகாணியில பண்ணுங்க. பேஷண்ட் மேல கை வச்சீங்கன்னு நான் மேடத்துக்கு ஒரு போன் போட்டா இன்னா ஆவும், யோசிச்சிக்கோ."

ஜெபா யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகலில் வெங்கடராகவன் இறந்துபோனார். ஜெபாவும் பொன்னியும்தான் அவரைத் தயார் செய்தார்கள். தாடைக்கட்டைப் போடும்போது ஜெபா பார்த்தாள்: கன்னத்தில் பழைய கட்டின் தடம் இன்னும் மெலிதாக இருந்தது. அவள் இழுத்த துணி அந்தத் தடத்திலேயே போய் உட்கார்ந்தது.

பொன்னி அன்று சாப்பிடவில்லை. "அவர் உசுரோட இருக்கும்போதே கட்டுனாங்கன்னா, கட்டுனவங்களுக்கு அவர் போவப்போறாருன்னு தெரிஞ்சிருக்குது. அது எப்படித் தெரியும்? சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் படுக்கைகள் வழக்கம்போல் நேர்த்தியாக இருந்தன. இப்போது அந்த மூலை மடிப்புகளைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ரங்கநாயகிக்கு இருமல் முற்றியது. அவரை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஜெபா அன்றிலிருந்து பொன்னியை எழுப்பாமல் வார்டுக்கு ஓடுவாள். முதல் காலை ஒன்றுமில்லை. இரண்டாம் காலை, தூங்கிக்கொண்டிருந்த ரங்கநாயகியின் கட்டைவிரல்கள் கட்டப்பட்டிருந்தன. தாடையில் கட்டு. அதற்குள் இருமல் அடைபட்டு, தொண்டையில் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஜெபா எல்லாவற்றையும் அவிழ்த்து, துணியைச் சுருட்டி ஏப்ரன் பையில் திணித்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் விழித்திருக்கவில்லை. கடைசிக் கட்டிலில் அம்சா மட்டும் மல்லாந்து, கண்ணாடிக் கூரையைப் பார்த்தபடி துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே ரங்கநாயகி போய்ச் சேர்ந்தார். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்வி சோற்றில் கல்லைப் போல அவளுக்கு நெருடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னி, தாங்கமுடியவில்லை என்று மதுராந்தகத்தில் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். இருவர் வேலையையும் ஜெபாவே பார்த்தாள். எல்லாருக்கும் ஊட்டி, துடைத்து, மருந்து கொடுத்து முடித்தபோது மதியம் சாய்ந்திருந்தது. ஆயாக்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மின்சாரம் நின்றது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து ஓய்ந்தன. வார்டுக்குள் சவுக்குத் தோப்பின் இரைச்சலும் அதற்கப்பால் கடலும் மட்டும்தான் கேட்டன. காற்று வரும் இடம் ஒன்றே ஒன்று. ரங்கநாயகி போனபிறகு புது விரிப்புப் போட்டு வைத்திருந்த ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் முதுகைச் சாய்க்கலாம் என்றுதான் படுத்தாள்.

விழிப்பு வந்தபோது, ஏன் வாய் திறக்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

பல்லோடு பல் இறுகியிருந்தது. காதுகளின்மேல் துணி அழுத்தியதில் கடல் எங்கோ தூரத்தில் கேட்டது. காலை அசைத்தாள், இரண்டு கால்களும் ஒன்றாக அசைந்தன. கைகள் மார்பின்மேல் இருந்தன. கைப் பெருவிரல்களைச் சேர்த்துச் சுற்றிய காஸ் துணி இழுக்க இழுக்க இறுகியது. மேலே கூரையின் கண்ணாடித் துண்டுகளில், வெள்ளையாகக் கட்டிப்போட்ட ஓர் உருவம் நூறு துண்டுகளாகக் கிடந்தது. அதன்மேல் யாரோ குனிந்திருந்தார்கள்.

அம்சா.

நின்றுகொண்டிருந்தார். நேராக, எதையும் பிடிக்காமல். இடது உள்ளங்கையில் பஞ்சு. வலது கையால் அதில் கொஞ்சம் பிய்த்து, திரியைப் போல உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமோ வெறியோ எதுவும் இல்லை. வேலையில் இருக்கும் ஒருத்தரின் முகம்.

"ஆடாதம்மா. இன்னும் மூக்குதான் பாக்கி" என்றார்.

ஜெபாவால் கத்த முடியவில்லை. தொண்டையிலிருந்து வந்ததெல்லாம் ஒரு முனகல். பஞ்சுத்திரி மூக்கின் ஒரு துளையில் நுழைந்தது. தலையைத் திருப்பினாள். அம்சா பொறுமையாக அவள் நெற்றியைப் பிடித்து நேராக்கினார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. வலிக்கவே இல்லை.

பல்லிடுக்கால் காற்றைத் தள்ளி ஜெபா சொன்னாள்: "நாடி... நாடி பாருங்க... சிஸ்டர்."

அம்சாவின் விரல்கள் நின்றன. பஞ்சைக் கட்டிலில் வைத்தார். ஜெபாவின் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரமில்லாத தன் இடது மணிக்கட்டை உயர்த்திப் பார்த்தபடி, உதடுகள் அசைய எண்ணினார்.

"இருக்கு. நல்லாவே இருக்கு" என்றார் அம்சா. பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல, "இந்தக் கட்டிலுக்கு வர்ற எல்லாருக்கும் வரும்போது இருக்கத்தாம்மா செய்யும்" என்றார்.

மறுபடி பஞ்சை எடுத்தார்.

"ஸ்டூடன்ட்... நான் ஸ்டூடன்ட்..."

அம்சா குனிந்து பார்த்தார். ஜெபாவின் மார்பில் குத்தியிருந்த கல்லூரி பேட்ஜைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். சட்டென்று முகம் மாறியது. மேலதிகாரியின் கண்டிப்பு ஏறியது.

"ஸ்டூடன்டா நீ? டியூட்டி நேரத்துல பேஷண்ட் கட்டில்ல படுத்துகினு கீற? மேட்ரன் பாத்தா இன்னா ஆவும் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே தாடைக்கட்டை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். கைக்கட்டு, கால்கட்டு எல்லாம் அதே வேகத்தில் அவிழ்ந்தன. "போ. மூஞ்சி கழுவிக்கினு வா."

ஜெபா எழுந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். அம்சா லேசாக ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். போகிற வழியில் ஒவ்வொரு கட்டிலின் கம்பியையும் தொட்டார். ஓரிடத்தில் விரிப்பு நழுவியிருந்தது. நின்று இழுத்துச் செருகி, மூலையை மடித்துவிட்டுப் போனார். தன் கட்டிலில் ஏறிப் படுத்தார். ஜெபா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிட்டே போய், "சிஸ்டர்" என்று கூப்பிட்டபோது, நீர்கோத்த கண்களால் அவளைப் பார்த்து, "எங்கம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஜெபா காசிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பயம் அவளைச் சொல்லவைத்தது. நாங்கள் இல்லை, அவர்தான், அவர் நடக்கிறார், கட்டுப் போடுகிறார். காசிநாதன் இந்த முறை மிரட்டவில்லை. அவளை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"நல்ல காரியம் பண்ண. இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றார். "வேற யார்கிட்டயும் சொல்லாத. இங்க கீறவங்களோட குடும்பங்களுக்குத் தெரிஞ்சா பயந்துக்குவாங்க."

அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

காலையில் வார்டுக்குள் போனபோது படுக்கைகள் கசங்கிக் கிடந்தன. விரிப்புகள் தரையில் தொங்கின. யாரும் யாரையும் திருப்பிப் படுக்கவைக்கவில்லை. கடைசிக் கட்டில் காலி.

அம்சா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். ஊசி போட்ட மயக்கம். ஜெபா உலுக்கிக் கூப்பிட்டும் இமை அசையவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூக்கில் புதிதாக ஒரு குழாய் செருகியிருந்தது.

அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த பொன்னி, கையில் டம்ளரோடும் புனலோடும் வந்தாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது அவள் பொறுப்பு. டம்ளரில் பாதிதான் இருந்தது.

"இது இன்னா, பாதி?"

"ஜன்னல் கட்டிலுக்கு அரை டம்ளர்தான். முதல் நாளே மேனேஜர் சொன்னாரே. அங்க வர்றவங்களுக்கு வயிறு தாங்காதாம்."

"அம்சாம்மா நேத்து தட்டுல சோறு சாப்டாங்கடி. அவங்களுக்கு எதுக்குக் குழாய்?"

பொன்னி டம்ளரைப் பார்த்தாள். அம்சாவைப் பார்த்தாள்.

ஜெபாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறியபின் வெங்கடராகவனைப் பார்க்க டாக்டர் வரவில்லை. ரங்கநாயகிக்குச் சளி மருந்து நின்றுபோனது. கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும் என்றார்கள். இல்லத்தில் சேர வெளியே எத்தனையோ பேர் முன்பணத்தோடு காத்திருப்பதாகக் காசிநாதன் அடிக்கடி பெருமையாகச் சொல்வார். ஜன்னலை ஒட்டியிருந்த கதவு பின்வாசலுக்குத் திறக்கும். பிணம் ஏற்றும் வண்டி அங்கேதான் வந்து நிற்கும்.

யார் சாகப்போகிறார்கள் என்று அம்சாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்தக் கட்டிலில் சாவார்கள் என்பதுதான் தெரிந்திருந்தது. பெற்ற மகளின் பெயரை மறந்த மனதுக்கு அது மட்டும் தெரிந்திருந்தது. அவரை அந்தக் கட்டிலுக்கு அனுப்பியது யார் என்று ஜெபா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"மேடத்துக்குப் போன் பண்றேன்" என்றாள்.

பொன்னி அவள் கையைப் பிடித்தாள். "ஜெபா, பேஜாரு ஆயிடும். சர்டிபிகேட் குடுக்கமாட்டாரு. படிச்ச ரெண்டு வருசமும் வீணாப் பூட்ச்சின்னா உன்னால திரும்ப வர முடியுமா? உங்கப்பாவ நினைச்சிப் பாரு."

"நினைச்சிப் பாத்துகினுதான் கீறேன்."

போன் சிக்னல் நீச்சல் குளத்துப் பக்கம்தான் கிடைக்கும். மணலில் நின்றுகொண்டு பேசினாள். சுஜாதா மேடம் கண்டிப்பானவர். வகுப்பில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் பிடிக்காது. முழுவதும் கேட்டபின், "நீ கண்ணால பார்த்தது எது, நினைக்கிறது எது? பிரிச்சுச் சொல்லு" என்றார். ஜெபா பிரித்துச் சொன்னாள்.

"அவங்க பக்கத்துலயே உட்காரு. வாய் வழியா எதுவும் குடுக்காத, மயக்கத்துல புரை ஏறிடும். நாடியைப் பார்த்துக்கிட்டே இரு. நான் வரேன்."

ஜெபா போய் உட்கார்ந்தாள். அம்சாவின் மணிக்கட்டு மெலிந்து பறவைக்கால் போல இருந்தது. நாடி சில சமயம் விரலுக்கடியில் ஓடியது, சில சமயம் தேடவேண்டியிருந்தது. கூரைக் கண்ணாடியில் இருவரும் துண்டு துண்டாகத் தெரிந்தார்கள். அதை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று முடிவுசெய்தும் பார்த்தாள். எந்தக் கை தன்னுடையது, எது அம்சாவுடையது என்று அங்கே சொல்ல முடியவில்லை.

காசிநாதன் வந்து வாசலில் நின்றார்.

"இங்க இன்னா வேலை உனக்கு?"

"நாடி பாக்கறேன் சார்."

"யாரு பாக்கச் சொன்னது?"

"மேடம். வந்துகினு கீறாங்க."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "படிச்சி முன்னுக்கு வருவேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அவர் யாரிடமோ போனில் மெதுவாகப் பேசுவது கேட்டது. பின்வாசலுக்கு ஏதாவது வண்டி வந்துவிடுமோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சவுக்குக் காற்று ஒவ்வொரு முறை இரையும்போதும் வண்டியின் சத்தம் போலவே இருந்தது. எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். ஓடிவந்து மறுபடி கையைப் பிடித்தபோது நாடி கிடைக்கவில்லை. விரலை நகர்த்தினாள். இல்லை. இன்னும் நகர்த்தினாள். எங்கோ ஆழத்தில், மணலுக்கடியில் நீர் ஓடுவதுபோல மெலிதாக ஒன்று தட்டியது.

சுஜாதா மேடம் ஸ்கூட்டரிலேயே செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார். தலையெல்லாம் புழுதி. காசிநாதன் எதிரே வந்து பேசிய எதற்கும் பதில் சொல்லவில்லை. அம்சாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், என்ன ஊசி போட்டது என்று மட்டும் கேட்டார். காசிநாதனால் சொல்ல முடியவில்லை. மேடம் அங்கே நின்றே 108க்குப் போன் செய்தார். அடுத்து அம்சாவின் மகளைக் கூப்பிட்டார்.

ஆம்புலன்ஸ் முன்வாசலுக்கு வந்தது. அம்சாவை ஏற்றும்போது ஜெபாவும் கூட ஏறினாள். பொன்னி படியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் இருவரின் பைகளையும் எடுத்துக்கொண்டு வந்து, அவளும் ஏறிக்கொண்டாள்.

அம்சா பிழைத்தார். மகள் மீரா ஊரப்பாக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா இனி எழுந்து நடக்கவேமாட்டார் என்று சொன்னதை நம்பித்தான் அங்கே விட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அம்மா எழுந்து போய் அடுத்த கட்டிலின் விரிப்பை இழுத்துச் செருகுவதைப் பார்த்தபோது, அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

இல்லத்தின்மேல் புகார் போனது. விசாரணை நடந்தது. ஜன்னலோரக் கட்டிலில் போனவர்கள் எல்லாரும் வயதானவர்கள், நோயாளிகள். எதனால் போனார்கள் என்று இனி யாரும் நிரூபிக்க முடியாது என்றார்கள். இல்லத்தை மூடினார்கள். காசிநாதன் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

அங்கே செய்த பயிற்சி செல்லாது என்று ஆகிவிட்டது. ஜெபாவும் பொன்னியும் அந்த வருஷம் தேர்வு எழுத முடியவில்லை. அப்பாவிடம் சொல்ல ஜெபா கடப்பாக்கத்துக்குப் போனாள். ஏசுதாஸ் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா இப்ப சாப்பிடுதா?" என்றார். சாப்பிடுகிறார் என்றாள். "அப்ப போவுது வுடு. இன்னும் ஒரு சுத்து" என்று வாளியில் கையை விட்டார்.

சுஜாதா மேடம் வேறு இடத்தில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பிரசவத்துக்கு வரும் பெண்கள், தடுப்பூசிக் குழந்தைகள். மறுவருஷம் இருவரும் தேறினார்கள். ஜெபாவுக்கு நர்சிங் டிப்ளமோவில் இடம் கிடைத்தது. பட்டத்துக்கு இன்னும் பல வருஷங்கள் இருந்தன. ஆனால் வாசல் திறந்துவிட்டது.

வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் மீராவிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"ஜெபா, தப்பா எடுத்துக்காதே. எனக்கு அம்மாவைப் பார்த்தா பயமா இருக்கு. தினமும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வீடு முழுக்க நடக்கிறாங்க. நான் கண் முழிக்கும்போது என் கட்டில் பக்கத்துல நிக்கிறாங்க. என் கையைப் பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஏதோ எண்ணறாங்க."

ஜெபா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எண்ணி முடிச்சதும் இன்னா பண்றாங்க அக்கா?"

"ஒண்ணும் பண்ணல. 'இருக்கு'ன்னு சொல்லிட்டு, பசங்க ரூமுக்குப் போறாங்க. அங்கயும் அதேதான். பசங்களுக்கு ஒண்ணும் பயமில்ல, தூங்கறாங்க. எனக்குத்தான்... நேத்து நான் கையை இழுத்துக்கிட்டேன். அப்ப அவங்க முகம் எப்படி ஆச்சு தெரியுமா? அந்த அறையைவிட்டுப் போகவே இல்லை. விடியற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க."

"இழுக்காதீங்க அக்கா" என்றாள் ஜெபா. தன் குரல் உறுதியாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கையைக் குடுங்க. எண்ணி முடிக்கட்டும். கேட்டா 'இருக்கு சிஸ்டர்'னு நீங்களும் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

மறுமுனையில் மீராவுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு துணியை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா அக்கா?" என்று ஜெபா கேட்டாள். "நான் வந்து ஒரு நாள் உங்க வூட்ல தங்கறேன்."

"வா" என்றாள் மீரா. "சீக்கிரம் வா."